‘ஒரு மாதிரியா இருக்கு’ என்று ஆங்கிலப் பாட்டி சொன்னால்

கேள்வி: அக்கா, நான் நாகர்கோவில்காரி. மேற்கு யார்க்‌ஷயரில் (வட இங்கிலாந்து) ஒரு மருத்துவமனையில் முதியோர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் பி வாங்கித்தான் வந்தேன். ஆனால் இங்கே பேசுவதில் பாதி புரியவில்லை. போன வாரம் 82 வயதுப் பாட்டி ஒருவர் “ஐ’வ் கம் ஓவர் ஆல் ஃபன்னி” என்றார். ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். அங்கே நின்ற உதவியாளர் வந்து பிரஷர் பார்த்தால், மேலே வெறும் 84. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வார்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதிலிருந்து யார் வாயைத் திறந்தாலும் பயமாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் 500 இடியம்கள் அடங்கிய பிடிஎஃப் ஒன்று வந்திருக்கிறது. தினம் பத்தாக மனப்பாடம் செய்யலாமா? அப்புறம் இன்னொன்று, காலையில் எல்லாரும் என்னைப் பார்த்து “யூ ஆல்ரைட்?” என்று கேட்கிறார்கள். நான் அவ்வளவு சோர்வாகவா தெரிகிறேன்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்த பிடிஎஃப்பை மூடி வையுங்கள். அதன் முதல் பக்கத்தில் என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்: ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’. நான் மிட்லண்ட்ஸ் பக்கம் வார்டுகளில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன், மழை பெய்யாத வாரம் என்று ஒன்று நினைவில் இல்லை, ஆனால் பூனையும் நாயும் கொட்டுகிறது என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. ‘சக்கிங் இட் டவுன்’ என்பார்கள், ‘பக்கெட்டிங் டவுன்’ என்பார்கள். நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் கைமாறிக்கொண்டே வரும் பட்டியல்களில் பெரும்பாலானவை புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருப்பவை. உங்களுக்குத் தேவையானது வேறு, அது எந்தப் பட்டியலிலும் ஒழுங்காக இருக்காது.

அந்தப் பாட்டி சொன்னதற்குத் தமிழ் ரொம்பச் சுலபம். ‘உடம்பு திடீர்னு ஒரு மாதிரியா வருதும்மா.’ அவ்வளவுதான். இதையே நாகர்கோவிலில் ஒரு பாட்டி சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்களா? பிடித்து உட்கார வைத்து, நாடியைப் பார்த்து, காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருப்பீர்கள். ஆக உங்களுக்கு நர்சிங் தெரியாமல் போகவில்லை, ஒரு சொல் மட்டும் காலை வாரிவிட்டது.

‘ஃபன்னி’க்கு இரண்டு அர்த்தம் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சிரிப்பு ஒன்று, ‘என்னவோ சரியில்லை’ என்பது இன்னொன்று. அவர்களுக்கே சில சமயம் குழம்பி, ‘ஃபன்னி ஹா-ஹாவா, ஃபன்னி பெக்யூலியரா?’ என்று கேட்டுக்கொள்வார்கள். உடம்பைப் பற்றிய பேச்சு என்றால் இரண்டாவதுதான், சந்தேகமே வேண்டாம். ‘மை டம்மி’ஸ் ஃபன்னி’ என்றால் வயிறு சரியில்லை. ‘ஹி ஹேட் எ ஃபன்னி டர்ன்’ என்று பேரன் சொன்னால், தாத்தாவுக்குத் திடீரென்று தலை சுற்றியிருக்கலாம், கண் இருட்டியிருக்கலாம், ஒரு நிமிடம் வாய் குழறியிருக்கலாம். சர்க்கரை இறங்கியதோ, இதயத் துடிப்பில் கோளாறோ, வந்து போன சிறு பக்கவாதமோ, எது வேண்டுமானாலும் அதன் பின்னால் இருக்கும். முகம், கை, பேச்சு மூன்றையும் உடனே பாருங்கள். இன்னொரு ஃபன்னியும் உண்டு: ‘ஐ’ம் நாட் பீயிங் ஃபன்னி, பட்...’ என்று யாராவது ஆரம்பித்தால், பின்னால் ஒரு புகார் வருகிறது என்று அர்த்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

உங்களுக்கு ஆறுதலாக என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த இரண்டாவது வாரம். ஒரு தாத்தா மெதுவான குரலில், “ஐ’வ் ஹேட் எ லிட்டில் ஆக்சிடென்ட், டக்” என்றார். ‘டக்’ என்று வாத்தைச் சொன்னது என்னைத்தான், அதற்கு அப்புறம் வருகிறேன். நான் பதறிப்போய், எந்த ரோட்டில், எப்போது, தலையில் அடிபட்டதா என்று வரிசையாகக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், படுக்கை விரிப்பைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். விரிப்பு நனைந்திருந்தது. அந்த மனுஷன் வெட்கத்தோடு மூடி மூடிச் சொன்னதை நான் ஊருக்கே கேட்கும்படி விசாரித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.

வெட்கப்பட வேண்டிய இடங்களில்தான் மூடுசொற்கள் அதிகம் விளையும், நாமும் அப்படித்தானே? ஒன்றுக்கு, இரண்டுக்கு, வெளிக்கு, ஒதுங்க என்று எத்தனை! ஒரு ஆங்கிலேய நர்ஸ் நம் ஊருக்கு வந்து, ‘நான் தூரம்’ என்று ஒரு பெண் சொன்னதும் ‘எத்தனை கிலோமீட்டர்?’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதே மாதிரிதான் நாமும் அங்கே நிற்கிறோம். உங்கள் வார்டுப் பாட்டிமார் ‘ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் காசு வேண்டாம், கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பிளம்பர் காசு கொடுத்துப் போகும் கழிப்பறைகளை வைத்தார், கட்டணம் ஒரு பென்னி. அதற்குப் பிறகும் வெகுகாலம் பொதுக் கழிப்பறைக் கதவில் ஒரு பென்னி போட்டால்தான் திறக்கும், அந்தப் பழக்கத்தில் பிறந்த சொல் இது. இளையவர்கள் இப்படிச் சொல்வதில்லை, எண்பதைத் தாண்டியவர்கள் இன்னும் சொல்வார்கள். உங்கள் வார்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

‘வாட்டர்வொர்க்ஸ்’ என்றால் குடிநீர் வாரியம் இல்லை, சிறுநீர் சமாச்சாரம். ‘வாட்டர் டேப்லெட்ஸ்’ என்றால் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை, ‘வாட்டர் இன்ஃபெக்‌ஷன்’ என்றால் சிறுநீர்த் தொற்று. ‘பேக் பாசேஜ்’ என்று டாக்டரே சொல்வார், அது கொல்லைப்புற வழி இல்லை, ஆசனவாய். ‘பங்டு அப்’ மூக்குக்கும் வரும் வயிற்றுக்கும் வரும், எது அடைத்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘த ரன்ஸ்’, ‘த ட்ராட்ஸ்’ இரண்டும் வயிற்றுப்போக்கு. ஐம்பதையொட்டிய பெண் ‘த சேஞ்ச்’ என்றால் மாதவிடாய் நிற்கும் காலம். ‘டிக்கி டிக்கர்’ என்றால் பலவீனமான இதயம், கார் டிக்கி இல்லை. முழங்கால் ‘கிவிங் மீ ஜிப்’ என்றால் வலி உயிரை வாங்குகிறது. இவற்றைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ‘ஐ வாஸ் சிக் இன் த நைட்’ என்றால் ராத்திரி வாந்தி எடுத்தேன் என்று அர்த்தம். நாம் ‘சிக்’ என்றால் உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்வோம். அங்கே உடம்பு சரியில்லை என்பதற்கு ‘பூர்லி’. இந்தப் ‘பூர்லி’ நோயாளி வாயில் வந்தால் சளி காய்ச்சலாகவும் இருக்கலாம், ஆனால் ஷிப்ட் மாறும்போது நடக்கும் ஹேண்டோவரில் ஒரு சிஸ்டர் ‘ஷி’ஸ் ரியலி பூர்லி’ என்றால் நிலைமை கைமீறிப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைத்துச் சொல்வது அந்த ஊர் வழக்கம், இடியத்தைவிட இதுதான் ஆளைக் கவிழ்க்கும். 1951 ஏப்ரலில் கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் க்ளஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப்படை சூழ்ந்துகொண்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி அமெரிக்கத் தளபதியிடம் ‘திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி, சார்’ என்று சொன்னாராம். ஒரு ஆங்கிலேயருக்கு அதன் பொருள், நாங்கள் அழியப் போகிறோம். அமெரிக்கர், கொஞ்சம் சிரமம்தான், சமாளிப்பார்கள் என்று எடுத்துக்கொண்டார். அந்தப் படைப்பிரிவில் ஐந்நூறு பேருக்கு மேல் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒரே மொழி பேசுகிற இரண்டு பேருக்குள்ளேயே ‘எ பிட்’ என்ற சொல் இப்படி வேலை காட்டியிருக்கிறது, நாம் எம்மாத்திரம்.

அதனால் இடுப்பு உடைந்து வந்த பாட்டி ‘இட்’ஸ் எ பிட் சோர், லவ்’ என்று சொன்னால் ‘கொஞ்சம் வலி’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள். ‘மஸ்ட்ன்ட் கிரம்பிள்’, முனகக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள், புரண்டு படுக்கச் சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். எண்ணில் மூடிப் பேசுவது கடினம். சொல் புரியவில்லை என்றால் ஆப்ஸ், அதாவது உடம்பின் அடிப்படை அளவுகளை எடுங்கள், இதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் என்று, நோயாளி நிலைமை மோசமாகிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நியூஸ்-2 அட்டவணையில் இருப்பவற்றுக்கு யார்க்‌ஷயர் பேச்சு கிடையாது. உங்கள் உதவியாளர் செய்தது அதைத்தான். அவருக்கு ஒரு நாள் பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த உதவியாளரைவிட நல்ல ஆங்கில வாத்தியார் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

சிஸ்டர் பேசியதையும் இந்தக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். ‘இட் மைட் பி வொர்த் செக்கிங் ஹெர் பி.பி.’ என்றால் பார்த்தால் நல்லது என்று இல்லை, இப்போதே பார் என்று. ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் சுமார். நாம் கேட்டுப் பழகிய திட்டு அங்கே வராது, மெத்தையில் சுற்றித்தான் வரும், அது மெத்தைதான் என்று நினைத்துவிடக் கூடாது.

சாவுக்கு வருவோம், முதியோர் வார்டில் அது தினசரி. ‘பாப்’ என்ற சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டிருப்பீர்கள். ‘பாப் ஆன் த பெட்’, ‘பாப் யுவர் டாப் ஆஃப்’, ‘ஐ’ல் பாப் பேக் லேட்டர்’. ஏறு, கழற்று, வா, போ, எல்லாவற்றையும் மென்மையாக்க ஒரே சொல். ஆனால் ‘பாப்டு ஹிஸ் க்ளாக்ஸ்’ என்றால் செத்துப்போனார், நாம் ‘மண்டையைப் போட்டுட்டார்’ என்கிறோமே அந்த ரகம். க்ளாக்ஸ் என்பது வடக்கு இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிகள் போட்ட மரஅடிச் செருப்பு. ‘கிக்டு த பக்கெட்’, ‘பிரவுன் பிரெட்’ எல்லாம் இதே குடும்பம். தன் சாவைப் பற்றி ஒரு தாத்தாவே இப்படிக் கேலியாகப் பேசினால் கூடச் சேர்ந்து சிரிக்கலாம். குடும்பத்தாரிடம் நீங்கள் ஒருபோதும் சொல்லக் கூடாது. மரியாதையாக மூடிச் சொல்கிறேன் என்று ‘வி லாஸ்ட் ஹிம்’ என்பதும் வேண்டாம், பதற்றத்தில் இருப்பவர்களுக்கு ஆள் எங்கோ காணாமல் போனது போலக் கேட்கும். ‘ஹி ஹேஸ் டைட், ஐ’ம் ஸோ ஸாரி’. அங்கே நேராகச் சொல்வதுதான் முறை, நமக்கு வாய் கூசினாலும்.

உங்கள் ஊருக்கே உரிய சிலவற்றில் ஆபத்தும் உண்டு. வடக்கில் ‘டீ’ என்றால் பல வீடுகளில் சாயங்காலச் சாப்பாடு, ‘டின்னர்’ என்றால் மதியச் சாப்பாடு. சர்க்கரை நோயாளி ‘ஐ’வ் ஹேட் மை டீ’ என்றால் ஒரு கோப்பை தேநீரா ஒரு தட்டு சாப்பாடா என்று கேட்காமல் இன்சுலின் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். ‘ஹாஃப் செவன்’ என்றால் நம் ஏழரைதான், ஆறரை இல்லை, இதில் தப்பினால் உண்மையிலேயே ஏழரைதான். ‘வைல்’ என்ற சொல்லை யார்க்‌ஷயரில் ‘வரைக்கும்’ என்ற பொருளில் போடுவார்கள், ‘நைன் வைல் ஃபைவ்’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ரயில்வே கேட்டில் ‘சிவப்பு விளக்கு எரியும்போது நில்’ என்று எழுதி வைத்ததை அந்த ஊர்க்காரர்கள் ‘எரியும்வரை நில்’ என்று படித்தார்கள் என ஒரு கதை சொல்வார்கள், கதைதான் என்றாலும் ‘ஸ்டே இன் பெட் வைல் டென்’ என்று நோயாளியிடம் யாராவது சொல்லும்போது நினைவுக்கு வரட்டும். ‘நௌட்’ ஒன்றுமில்லை, ‘ஔட்’ ஏதாவது, ‘சம்மட்’ என்னவோ ஒன்று. ‘நௌட் பை மௌத்’ என்று ஒருவர் சொன்னால் வாய்வழி எதுவும் கொடுக்காதே என்று அர்த்தம், சிரிப்பு இல்லை.

லண்டன் கிழக்குப் பக்கத்து எதுகைப் பேச்சைப் பற்றி பிடிஎஃப்பில் நாலு பக்கம் இருக்கும், உங்களுக்கு நாலு வரி போதும். ‘புச்சர்ஸ் ஹுக்’ என்பது ‘லுக்’குக்கு எதுகை, அதனால் ‘ஹேவ் எ புச்சர்ஸ்’ என்றால் ஒரு பார்வை பார். ‘லோஃப் ஆஃப் பிரெட்’ என்பது ‘ஹெட்’டுக்கு, அதனால் ‘யூஸ் யுவர் லோஃப்’ என்றால் மூளையைப் பயன்படுத்து. ஐம்பதுகளில் பாடிய ரூபி மர்ரி என்ற பாடகியின் பெயர் ‘கறி’யோடு எதுகையாகப் போனதால் ‘கோயிங் ஃபார் எ ரூபி’ என்றால் இந்தியச் சாப்பாட்டுக்குப் போகிறோம். உங்களை அழைத்தால் போய்விட்டு வாருங்கள், காரம் இருக்காது.

இதிலெல்லாம் நான் கண்டிப்பாக இருக்கிற ஒரு இடம்: காதுக்கு எல்லாம் வேண்டும், நாக்குக்குச் சிலவே போதும். ‘நேக்கர்டு’ என்றால் களைத்து நார் நாராகிவிட்டேன் என்று அர்த்தம், கிழக் குதிரைகளை வெட்டும் நேக்கர் தொழிலோடு தொடர்புள்ள சொல், அதே சொல்லுக்கு ஆபாசமான இன்னொரு பொருளும் உண்டு. டீ ரூமில் எல்லாரும் சொல்வார்கள், நீங்கள் ‘ஷட்டர்டு’ என்று சொல்லிக்கொள்ளுங்கள், யாருக்கும் உறுத்தாது. ‘பிஸ்டு’ அங்கே கோபம் இல்லை, குடிபோதை, அமெரிக்கப் படம் பார்த்து வந்த பெண் ஒருத்தி டாக்டர் ‘பிஸ்டு’ ஆக இருக்கிறார் என்று போனில் சொல்லி வார்டே ஸ்தம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன். ‘டூலாலி’ (புத்தி பேதலித்தவர்) என்று மறதி நோயாளியைப் பற்றி உறவினர் சொல்லலாம், நீங்கள் சொல்லவே கூடாது. ஆனால் அந்தச் சொல் நாசிக் பக்கத்து தேவலாலியிலிருந்து போனது. ஊருக்குக் கப்பல் கிடைக்கும்வரை பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தங்கவைத்த முகாம் அங்கே இருந்தது, காத்துக் கிடந்தவர்களுக்குப் பிடித்த பித்தைத்தான் ‘டூலாலி டாப்’ என்றார்கள். காய்ச்சலைக் குறிக்கும் ‘தாப்’தான் அந்த ‘டாப்’.

‘லவ்’, ‘டக்’, ‘பெட்’ எல்லாம் விளிச்சொற்கள், நம் ‘கண்ணு’, ‘தாயி’ மாதிரி. யார்க்‌ஷயரில் ‘லவ்’, மிட்லண்ட்ஸில் ‘டக்’, நியூகாசிலில் ‘பெட்’, ஸ்காட்லாந்தில் ‘ஹென்’. பஸ் டிரைவர் ‘தேங்க்ஸ், லவ்’ என்றால் தப்பாக எடுக்க வேண்டாம். ஆனால் நீங்கள் நோயாளியை அப்படிக் கூப்பிட வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்லி, அவரை எப்படி அழைக்கலாம் என்று கேளுங்கள். தானே புற்றுநோயாளியாகப் படுத்திருந்த கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் ‘ஹலோ, மை நேம் இஸ்’ இயக்கத்தை 2013இல் தொடங்கினார். அவரும் உங்கள் யார்க்‌ஷயர்தான்.

புரியாதபோது என்ன செய்வது என்பதுதான் உங்கள் கடிதத்தின் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். நமக்கு ஒரு கெட்ட பழக்கம், புரியாவிட்டால் புன்னகையோடு தலையை ஆட்டிவிடுவோம். வகுப்பில் வாத்தியாரிடம் தப்பிக்கக் கற்றது, வார்டில் ஆளைக் கொன்றுவிடும். ‘வாட் டூ யூ மீன்?’ என்று மொட்டையாகக் கேட்டால் சண்டைக்கு இழுப்பது போல இருக்கும். இப்படிக் கேளுங்கள்: ‘ஸாரி, ஐ’வ் நாட் ஹர்ட் தட் ஒன் பிஃபோர். கேன் யூ டெல் மீ வாட் யூ’ர் ஃபீலிங்?’ பாட்டிமாருக்கு இது ரொம்பப் பிடிக்கும், தங்கள் பேச்சை ஒரு பெண் கற்றுக்கொள்ள விரும்புகிறாள் என்று கூடவே இரண்டு சொல்லும் சொல்லித் தருவார்கள். பையில் ஒரு சின்ன நோட்டு வைத்து அவற்றை எழுதுங்கள், நோயாளி பெயர் மட்டும் எழுத வேண்டாம். மூன்று மாதத்தில் உங்களிடம் இருக்கப்போவது அந்த 500க்குப் பதிலாக ஐம்பது அறுபது சொற்கள், ஆனால் எல்லாம் உங்கள் வார்டுச் சொற்கள்.

கடைசியாக அந்த ‘யூ ஆல்ரைட்?’. இல்லை, நீங்கள் சோர்வாகத் தெரியவில்லை. அது கேள்வியே இல்லை. நம் ஊரில் எதிரே வருகிறவரைப் பார்த்து ‘என்ன, சாப்டாச்சா?’ என்போமே, யாராவது நின்று இட்லி எத்தனை, சட்னி என்ன என்று பதில் சொல்வார்களா? நாளைக்குக் கேட்டால் ‘நாட் டூ பேட், யூ?’ என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். அவர்களும் நிற்க மாட்டார்கள்.